நான்கு நிமிடம் முந்திய மின்னல்

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகத்தான் கிடைத்தது. சொன்னவர் நூர் பாஷா. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஓசூரில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்த ஒரு காலையில், நின்றுபோன என் கைக்கடிகாரத்தை அவரிடம் கொடுத்தேன். அதன் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே சொன்னார்:

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி நான் போட்ட சைரனால ஒரு மின்னல் நாலு நிமிஷம் முன்னாடி வந்துடுச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தோண்டிக் கேட்டதில் இன்னும் கொஞ்சம் சொன்னார். அதற்குள் கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

ஆக, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஊருக்கு வெளியே ஒரு பாறைக் கரட்டின் உச்சியில் மின்னலை ஆராய ஒரு கொட்டகை இருந்தது. அதில் நஞ்சப்பன் என்பவன் வேலை பார்த்தான். பெங்களூரிலிருந்து லூர்துமேரி என்ற ஆராய்ச்சிக்காரம்மா வந்து போவார். 1987 மே மாதத்தில் ஒரு நாள் நஞ்சப்பன் பதிவேட்டில் ஒரு நேரத்தை எழுதினான். அது தவறான நேரம் என்று நூர் பாஷாவின் கடையில்தான் அவனுக்குத் தெரிந்தது.

மிச்சமெல்லாம் நான் கட்டியது. எங்கே கட்டினேன் என்பதை முடிந்தவரை சொல்லிக்கொண்டே போகிறேன். இயற்பியலை இரண்டாம் ஆண்டோடு விட்டவன் நான். மின்னலைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே நம்புங்கள்.

2

எங்கே தொடங்குவது?

'வானம் இருண்டது. நஞ்சப்பன்' – வேண்டாம். மழை வரும் கதைகள் எல்லாம் வானம் இருண்டுதான் தொடங்குகின்றன.

'மேகத்துக்குள் முதல் பொறி எப்படிப் பிறக்கிறது என்பது இன்றுவரை' – இது பள்ளிக்கூடப் பாடம்.

'நஞ்சப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது' – இதுவே பொய்.

மூன்றையும் அடித்தேன். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் மின்னலிலும் இதே சிக்கல்தான். மேகத்துக்குள் பனித்துகளும் பொடி ஆலங்கட்டியும் மோதி உரசி மின்னேற்றம் பிரிகிறது என்பது வரை தெரியும். ஆனால் பலூன் விட்டு அளந்து பார்த்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள். காற்றைக் கிழித்துப் பொறி பறக்க எவ்வளவு வேண்டுமோ, அதில் பத்தில் ஒரு பங்கு மின்விசைதான் மேகத்துக்குள் இருக்கிறதாம். கணக்குப்படி மின்னலே வரக் கூடாது. வருகிறது. தொடக்கம் மட்டும் யார் கையிலும் சிக்கவில்லை.

லூர்துமேரி போட்ட திட்டம் எளிமையானது. மேலேயிருந்து செயற்கைக்கோள் மேகத்தைப் படமெடுக்கும். மேகத்தின் தலை எவ்வளவு உயரம் போயிருக்கிறது, எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியும். கீழே கரட்டின் மேல் ஒரு கருவி மின்விசையை அளந்து காகிதத்தில் கோடாக இழுக்கும். ஒரு மனிதன் முதல் வெளிச்சம் வந்த நிமிடத்தைக் குறிப்பான். படத்தையும் அந்த நிமிடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேகம் எந்த உயரத்துக்கு வளர்ந்தபோது முதல் மின்னல் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

எல்லாம் அந்த நிமிடத்தில்தான் தொங்குகிறது. அதை மட்டும் மனதில் வையுங்கள்.

3

அந்த மனிதன்தான் நஞ்சப்பன். முப்பது வயது. வீட்டில் ராகியும் நிலக்கடலையும் போடுகிறவர்கள். கருவி தகர இறக்கைகளோடு சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் ஊரார் அதற்கு 'மேடத்து ஃபேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கு 'மின்னல்காரன்'.

"என்னா மின்னல்காரரே, இன்னிக்கு எத்தன புடிச்ச?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"உன் தலையில வுழறத புடிக்கலாம்னு இருக்கறேன்" என்பான்.

கொட்டகைச் சுவரில் லூர்துமேரி தன் கையால் மூன்று வரி எழுதி ஒட்டியிருந்தார்:

*முதல் வெளிச்சம் வரும்வரை கரட்டை விட்டு இறங்கக் கூடாது.*
*கொட்டகைக் கடிகாரத்தைத் தவிர வேறு கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.*
*தவறவிட்டால் கோடு போடவும். கோடு போடுவது தவறில்லை.*

(இந்தக் காகிதம் என் கற்பனை. ஆனால் இப்படி ஒன்று இல்லாமல் இருந்திருக்காது.)

இரண்டு கோடைகாலத்தில் நஞ்சப்பன் ஒரு கோடுகூடப் போடவில்லை. "உங்க ரிஜிஸ்டர்ல ஒரு கோடு இல்ல நஞ்சப்பன். எங்க இன்ஸ்டிட்யூட்ல யாருக்கும் இப்படி ரிஜிஸ்டர் கெடையாது" என்று லூர்துமேரி ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அவன் கரட்டிலிருந்து இறங்கியது நடந்தா ஓடியா என்று அவனுக்கே நினைவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தவறியவனை யாரும் அதுவரை எதற்கும் பாராட்டியதில்லை.

இந்த இடத்தில் அவன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாராட்டுக்காகப் பொய் எழுதுகிறவனைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும்? இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு அந்தச் சாயங்காலத்தை எழுதிப் பார்த்தேன்.

4

ரம்ஜான் பதினேழாம் நோன்பு. நாள் முழுக்கப் புழுக்கம். ஐந்தரைக்கு மேல் அஞ்செட்டி மலைப் பக்கம் மேகம் எழும்பியது. ஆறு பத்துக்குக் கருவியின் முள் காகிதத்தில் ஏறத் தொடங்கியது. ஆறு இருபதுக்குக் காற்று வந்தது. காற்று வந்தால் மாரண்டஹள்ளியில் முதலில் போவது கரண்டு. பேட்டரி, சார்ஜ் போடப் பாலக்கோட்டுக்குப் போயிருந்தது. முள் அப்படியே செத்து நின்றது.

இனி கருவி இல்லை. நஞ்சப்பனின் கண், மேசைமேல் சாவி கொடுத்து ஓடும் கடிகாரம், பதிவேடு. இவ்வளவுதான்.

முள் நிற்பதற்கு முன் ஏறிய வேகத்தை அவன் பார்த்திருந்தான். அந்த வேகத்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் முதல் வெளிச்சம் வரும். இரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் தப்பியதில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. லூர்துமேரி கேட்டதும் இல்லை.

கரட்டின் அடியில் பெரியம்மாள் தன் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. தனியாள். தோட்டத்தின் நடுவில் ஒற்றைத் தென்னை, அதன் அடியில் கூடைகள். ஒவ்வொரு கூடையும் நிறைந்ததும் அந்த மரத்தடிக்குத்தான் கொண்டுவந்து வைக்கிறாள்.

நஞ்சப்பன் மேலிருந்து கத்தினான். காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மேசைக் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு இருபத்தொன்பது. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான்.

(முதல் வரைவில் அவன் ஓடவில்லை. பெரியம்மாளைக் கொன்றேன். நன்றாகவே கொன்றேன், படிக்கிறவர்கள் அழுதிருப்பார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு கதைக்குக் கனம் வேண்டும் என்பதற்காகத் தக்காளி பறிக்கிற பெண்ணைச் சாகடிப்பதா? கிழித்துப் போட்டேன்.)

"யக்கோவ்! மரத்த வுட்டு வா! இந்தாண்ட வா!"

"என்னாடா, வூட்டுல யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. இடி வுழும், வா."

"ஒரு தூத்தல் இல்ல, இடியாம். உன் ஃபேன் சொல்லிச்சாக்கும்?"

"சொல்லிச்சு. வாக்கா, உன் கால்ல வுழறேன்."

"நாலு கூடை கெடக்குது. நாளைக்கு வெடியால ஓசூர் பஸ்ஸுல ஏத்தணும். கால்ல வுழறவன் வந்து தூக்கு."

அவன் இரண்டைத் தூக்கினான். ஒன்று வரப்பில் இடறிக் கவிழ்ந்தது. "அய்யய்யோ, பாழாப் போறவனே" என்று அவள் குனிந்து பொறுக்கப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் ஊருக்குள் பள்ளிவாசல் சைரன் ஊதியது, நோன்பு திறக்கச் சொல்லி. ஊதத் தொடங்கிய அதே நொடியில் மேகத்தின் வயிற்றுக்குள், போர்வைக்குள் டார்ச் அடித்த மாதிரி, சத்தமில்லாமல் ஒரு வெளிச்சம் வந்து போனது.

முதல் வெளிச்சம்.

நஞ்சப்பன் இடது கையைத் திருப்பினான். மணிக்கட்டில் வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. அவன் கைக்கடிகாரம் ஒரு வாரமாக நூர் பாஷா கடையில் கிடந்தது.

பத்து நிமிடம் கழித்துத் தென்னை மரத்தில் இடி விழுந்தது. அப்போது இருவரும் பம்புசெட்டு அறைக்குள் இருந்தார்கள். மரத்தின் தலை எரிந்தது. அடியில் விட்டுவந்த கூடைகளின் நிலைமை தெரியவில்லை.

"நீ கவுத்துன தக்காளிக்கு யாருடா பதிலு?" என்றாள் பெரியம்மாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மழை விடும்வரை விடவில்லை.

5

மறுநாள் காலை பதிவேடு திறந்தே கிடந்தது. தேதி எழுதியிருந்தது. எதிரே வெறும் கட்டம்.

கோடு போட்டிருக்கலாம். கோடு போடுவது தவறில்லை என்று சுவரே சொல்கிறது. ஆனால் அவன் நினைத்தது இது: நான் தவறவிடவில்லையே. இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். வெளிச்சமும் சைரனும் ஒன்றாக வந்தன. சைரன் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் வெளிச்சம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துவிடும். இதில் பொய் எங்கே இருக்கிறது?

டீக்கடையில் நோன்பு நேர அட்டை மாட்டியிருந்தது. பதினேழாம் நோன்பு, நோன்பு திறக்கும் நேரம் 6.32.

போய் எழுதினான். 6.32. குறிப்பு என்ற கட்டத்தில், 'கொட்டகையிலிருந்து பார்த்தது' என்றும் எழுதினான். எப்போதும் எழுதுவது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்று நான் எழுதலாம். எழுதினால் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று ஆகும். தெரிந்துதான் எழுதினான்.

6

டிசம்பரில் லூர்துமேரி வந்தார். அவரை நான் முதலில் கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மாளாக எழுதியிருந்தேன். அதையும் அடித்தேன். கோவிலூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்திரண்டு வயது, நடக்கும்போதே பேசுகிறவர். கரட்டில் மூச்சிரைக்க ஏறி வந்து, சுருட்டி வைத்திருந்த படத்தை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் கல்லை வைத்தார்.

"நஞ்சப்பன், இங்க பாருங்க. இதுதான் நம்ம மேகம்."

கறுப்பு வெள்ளையில் ஒரு வெள்ளைச் சொட்டு. மாரண்டஹள்ளி எங்கே என்று தேடினான். ஊர் ஒரு புள்ளிகூட இல்லை.

"மேலயிருந்து ஆறரைக்கு எடுத்தது. பாருங்க, மேகத்தோட தலை இன்னும் வளரவே இல்ல. உள்ள பனியே சரியா உண்டாகியிருக்காது. புஸ்தகப்படி இதுல மின்னல் வர இன்னும் நேரம் இருக்கு. ஆனா நீங்க ஆறு முப்பத்திரண்டுக்குப் பாத்திருக்கீங்க. ரெண்டே நிமிஷம்!"

"அப்படின்னா என்னங்க மேடம்?"

"அப்படின்னா புஸ்தகம் தப்பு. நாலு வருஷமா நான் தேடுனது இது. ஒரு நாள் படம் இருந்தா மின்னல் இருக்காது, மின்னல் இருந்தா படம் இருக்காது. ரெண்டும் சேந்து கெடைச்சது இந்த ஒரு நாள்தான். வெளிநாட்டு மாநாட்டுக்கு இதத்தான் அனுப்பப் போறேன். உங்க பேரையும் போடுவேன்."

"என் பேரு எதுக்குங்க?"

"கண்ணு உங்களுது இல்லையா?"

நஞ்சப்பன் படத்தின் மூலையில் இருந்த கல்லைச் சரி செய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

7

அவனுக்கு அப்போது பயம் ஒன்றும் பெரிதாக இல்லை. நின்ற இடம்தான் பொய், நேரம் நிஜம் என்று நம்பியிருந்தான். அன்று மாலை, இன்னும் வாங்காத வாட்சைச் சாக்காக வைத்து நூர் பாஷா கடையில் போய்ப் பெருமையடித்துக்கொண்டான்.

"பாய், உங்க சைரன் ஃபாரின் போவுது தெரியுமா?"

"பள்ளிவாசலக் கேக்காம எப்படிப் போவும்?" என்றார் நூர் பாஷா, ஒரு சின்னச் சக்கரத்தை இடுக்கியால் தூக்கிக்கொண்டே. ரம்ஜானில் சைரன் போடுவது அவர் வேலை. ஊரில் ரேடியோவோடு நொடி பிசகாமல் ஓடுகிற கடிகாரம் அவருடையது ஒன்றுதான்.

நஞ்சப்பன் எல்லாவற்றையும் சொன்னான். தோட்டம், கூடை, சைரன், வெளிச்சம், அட்டை, 6.32.

நூர் பாஷா சக்கரத்தைக் கீழே வைத்தார். லென்ஸை எடுத்தார்.

"நான் போட்டது ஆறு முப்பத்தாறு."

"கார்டுல முப்பத்திரண்டு இருந்திச்சுங்களே."

"கார்டு வேலூர்ல அச்சடிச்சது. அங்க சூரியன் நமக்கு முன்னாடி மறைஞ்சிடும். நமக்கு மூணு நிமிஷம் லேட்டு. அது கணக்கு. அப்புறம் ஒரு நிமிஷம் ஜாஸ்தி. அது என் பயம். ஒரு ஊரு நோன்பு என் விரலு மேல இருக்குது இல்ல? அவசரப்பட்டா அத்தன பேரு நோன்பும் வீணாப் போயிடும்."

"இது ஊருக்குத் தெரியுமா?"

"நோன்பு வெக்கிறவங்க அத்தன பேருக்கும் தெரியும். கார்டு பாத்து எவனும் வாய் வெக்க மாட்டான். சைரன் கேட்டுதான் வெப்பான். உனக்குத்தான் தெரியாது."

நஞ்சப்பன் பலகையில் உட்கார்ந்தான்.

"நாலு நிமிஷம்தானப்பா. மேகம் என்ன பஸ்ஸா, தவறிப் போக?" என்றார் நூர் பாஷா.

நான்கு நிமிடத்தில் அப்படிப்பட்ட மேகம் இரண்டு கிலோமீட்டர் மேலே வளர்ந்துவிடும். லூர்துமேரி பலமுறை சொல்லியிருக்கிறார். 6.36 என்றால் அது எல்லா மேகத்தையும் போல வளர்ந்து, எல்லா மேகத்தையும் போல மின்னியிருக்கிறது. புத்தகம் சரி. லூர்துமேரியின் நான்கு வருஷத்துக்குக் கையில் ஒன்றுமில்லை.

8

எனக்கு நூர் பாஷா சொன்னது இங்கே முடிகிறது. "அப்புறம் என்ன ஆச்சு பாய்?" என்றேன். "அப்புறம் அவன் கடைக்கு வரல. வாட்ச் இங்கதான் இருக்குது" என்று மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கிறாராம்.

ஆகவே முடிவை நான்தான் கட்ட வேண்டும். கட்டிப் பார்த்தவை:

நஞ்சப்பன் வாயைத் திறக்கவில்லை. கட்டுரை வெளிநாடு போகிறது. கைதட்டுகிறார்கள். சில வருஷம் கழித்து வேறு எங்கோ யாரோ நல்ல கருவியோடு அளந்து, மாரண்டஹள்ளியில் பிழை என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த வரியை லூர்துமேரி தனியாக உட்கார்ந்து படிக்கிறார்... (இது நடக்கக் கூடியது. அதனாலேயே என்னால் எழுத முடியவில்லை.)

நூர் பாஷாவே போய்ச் சொல்லிவிடுகிறார். (பெரியவர் வந்து எல்லாவற்றையும் சரி செய்யும் கதை. அவர் செய்ய மாட்டார். தன் நான்கு நிமிடத்தில் அவருக்கு எந்தக் குற்றவுணர்வும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.)

நஞ்சப்பன் சொல்கிறான், லூர்துமேரி 'ஓர் உயிரைக் காப்பாற்றினீர்களே' என்று கண் கலங்கி அவனை மன்னி – இல்லை. நான்கு வருஷத்தைத் தொலைத்தவரிடம் அவ்வளவு சுலபமாக மன்னிப்பு வாங்கித் தர எனக்கு உரிமையில்லை.

மூன்றிலும் ஒரே கோளாறு. நான் அங்கே இல்லை.

9

ஒன்று மட்டும் எழுத முடிகிறது. அதுவும் கட்டியதுதான். ஆனால் கையில் நிற்கிறது.

அதற்கு மறுநாள் காலை ஏழு மணி, மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு. லூர்துமேரி ஓசூர் பஸ்ஸின் முன்சீட்டில் ஜன்னலோரம் இருக்கிறார். மடியில் சுருட்டிய படம். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுரையோடு வைக்க வேண்டும், கொண்டுவரச் சொல்லியிருந்தார். நஞ்சப்பன் பதிவேட்டை மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். ஜன்னல் வழியாக நீட்டுகிறான். அவர் பிடிக்கிறார். அவன் விடவில்லை.

"விடுங்க நஞ்சப்பன், பஸ் எடுத்துருவாங்க."

"மேடம், நான் அன்னைக்கிக் கரட்டு மேல இல்லீங்க."

"என்னைக்கு?"

"ஆறு முப்பத்திரண்டுக்கு. அது முப்பத்திரண்டும் இல்லீங்க. முப்பத்தாறு."

சைரன், அட்டை, வேலூர்ச் சூரியன் என்று எல்லாவற்றையும் சொல்கிறான். வரிசை தப்பிச் சொல்கிறான். லூர்துமேரிக்குக் கணக்கு போட இரண்டாம் தடவை கேட்கத் தேவையில்லை. மடியிலிருந்த படத்தை இறுக்கிப் பிடிக்கிறார். அது நடுவில் மடங்குகிறது.

"சுவத்துல எழுதி ஒட்டினேனே. கோடு போடச் சொல்லி."

"ஆமாங்க."

"ஏன் போடல?"

"நீங்க கோடு இல்லாத ரிஜிஸ்டர்னு சொன்னீங்க."

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான்.

"அப்ப எங்கதான் இருந்தீங்க?"

நஞ்சப்பன் கையை நீட்டிக் காட்டுகிறான். பஸ்ஸின் பின்னால் ஏணியருகே பெரியம்மாள் தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். "மேல போட்டா நசுங்கிடும்டா! உள்ள வெக்கிறேன்னு நேத்து சொன்ன இல்ல? எந்த வாய்ல சொன்ன?"

லூர்துமேரி ஜன்னலில் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார். அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாது. கூடையைப் பார்க்கிறார். அவள் திட்டும் வாயைப் பார்க்கிறார். பிறகு அவன் கைவிட்ட பையிலிருந்து பதிவேட்டை உருவி, அந்தப் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிறார். பேனா முனை 6.32-க்கு மேல் வந்து நிற்கிறது.

பஸ் குலுங்கிப் புறப்படு

இங்கே நிறுத்துகிறேன். அவர் 6.36 என்று திருத்தினாரா, கோடு போட்டாரா, மூடியை மறுபடி மாட்டினாரா என்று எழுத எனக்குக் கை வரும். நாலு விதமாக, நம்பும்படி எழுதுவேன். ஆனால் நான் கரட்டு மேலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை, அந்த பஸ் ஸ்டாண்டிலும் இல்லை. இதற்கு மேல் நான் எழுதும் எதுவும் இன்னொரு 6.32தான்.

நீங்கள் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நின்றிருந்தால், பேனா காகிதத்தைத் தொட்டதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

பார்க்கவில்லை என்றால் கோடு போடவும். கோடு போடுவது தவறில்லை.

முதல் வெளிச்சம்: